பார்த்தவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்

வலிப்பு என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, இல்லையென்றால் பிறவியிலிருந்தே இருப்பது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இஇஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற சோதனை, எடுக்கிற டெக்னீஷியன். என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு நாள் வந்து பார்த்தால் போதும், அந்த நினைப்பு போய்விடும். நரைத்த தலைகள்தான் எத்தனை! புதிதாக வலிப்பு நோய் தொடங்குவது இரண்டு பருவங்களில் அதிகம், ஒன்று குழந்தைப் பருவம், இன்னொன்று அறுபதுக்கு மேல். அதுவரைக்கும் ஒரு தடவைகூட மயங்கி விழாத மனிதருக்கு எழுபது வயதில் முதல் முறையாக வரும். உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் பெரியவர்கள் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அவர்கள் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவருகிற பழைய சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் வலிப்பு என்று எதிலும் இருக்காது. தலைசுற்றல், பலவீனம், கழுத்து எலும்புத் தேய்மானம், மினி ஸ்ட்ரோக் (சீக்கிரமே சரியாகிவிடுகிற சின்னப் பக்கவாதம்), மறதி, மனச்சோர்வு, எதுவும் பொருந்தாவிட்டால் வயசு. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் இப்படியே போயிருக்கும். யார் மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு வருகிற வலிப்பு நாம் மனதில் வைத்திருக்கிற வலிப்பு மாதிரி இருப்பதே இல்லை. கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளி, சாவிக்கொத்தைத் தேடி எல்லோரும் ஓடுகிற காட்சி பெரும்பாலும் நடக்காது. பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில் நிறுத்துவார். கண் திறந்திருக்கும், எங்கோ பார்ப்பார். கூப்பிட்டால் பதில் வராது, வந்தாலும் ஒரு ‘ம்’தான். ஒன்றிரண்டு நிமிடத்தில் அது முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் நீளம்: எங்கே இருக்கிறோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பிடிபடாமல் ஒரு மந்தம். இளவயதுக்காரர்களுக்கு அது சில நிமிடங்களில் தெளிந்துவிடும், பெரியவர்களுக்கு மணிக்கணக்கில் இழுக்கும், சிலருக்கு மறுநாள் வரைக்கும்கூட. வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பது அந்த மந்தத்தைத்தான். அதற்கு முன்னால் நடந்த அந்த ஒரு நிமிடத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பார்த்திருந்தாலும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் நோயே இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அல்சூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். எச்.ஏ.எல்.-இல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், சட்டைப் பையில் பேனா இல்லாமல் வெளியே கிளம்பாத ரகம். “எனக்கு ஒண்ணும் ஆகலம்மா, இவங்கதான் பயப்படுறாங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவரைப் பொறுத்தவரை அதுதான் உண்மை, ஏனென்றால் அந்த நேரம் மூளையில் பதிவாவதே கிடையாது. கூட வந்த மருமகள் கைப்பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து நீட்டினார். மாமனார் தினமும் ராத்திரி வீட்டுச் செலவு எழுதுகிற டைரி. கேஸ் எப்போது புக் பண்ணினோம் என்று பார்க்க அதைப் புரட்டியபோது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பால், கீரை, தேங்காய் என்று முத்து முத்தான எழுத்தில் வரிசையாகப் போகிறது, அடுத்து ‘மாத்’ என்று தொடங்கி, அங்கிருந்து பேனா வலது பக்கம் மேல்நோக்கி ஒரு கோடாக இழுத்துக்கொண்டு போய் தாளின் ஓரத்தில் நிற்கிறது. கீழே கொஞ்சம் இடம் விட்டு, கொஞ்சம் நடுக்கத்தோடு, ‘மாத்திரை’ என்று மறுபடி எழுதித் தொகை போட்டிருக்கிறது. இன்னும் சில தாள்கள் தள்ளி ‘எலக்ட்’ என்று இன்னொன்று, அதே மாதிரி கோடு, அதே சாய்வு. அதற்குப் பிறகு இன்னொன்று. மருமகள் ஒவ்வொரு தாளிலும் பஸ் டிக்கெட்டைச் செருகிக் குறி வைத்திருந்தார்.

டாக்டர் அந்த டைரியை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மருமகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார், “அந்த நேரத்துல வாய் ஏதாவது பண்ணுமா?” “ஆமா டாக்டர், சப்புக்கொட்டுற மாதிரி பண்ணுவாரு. இடது கையால வேட்டியைத் தடவிக்கிட்டே இருப்பாரு. மாமான்னு கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. அப்புறம் ஒரு மணி நேரம் டல்லா உக்காந்திருப்பாரு, என்ன மாமான்னா தூக்கம் வருதும்பாரு.” எல்லாத் தடவையும் ஒரே மாதிரியா என்று கேட்டார். எல்லாத் தடவையும் ஒரே மாதிரிதான். அந்தக் கேள்விக்கு இருக்கிற கனம் அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் அப்போது தெரிந்திருக்கும். வலிப்பு மூளையில் ஒரே இடத்தில் கிளம்பி ஒரே வழியில் பரவுகிற விஷயம், அதனால் ஒவ்வொரு முறையும் அச்சடித்தது போலத் திரும்ப வரும். மினி ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் ஒன்று குறையும்: கை பலமிழக்கும், பேச்சு வராது, பார்வை மங்கும், ஆனால் ஆள் நினைவோடு இருப்பார். வலிப்பில் பெரும்பாலும் ஒன்று கூடும்: வெட்டும், துடிக்கும், மதமதப்பு விரலிலிருந்து மேலே ஏறும், அல்லது நினைவு தப்பி வாயும் கையும் தானாக ஏதாவது செய்துகொண்டிருக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. வலிப்பு நின்ற பிறகு அந்தப் பக்கக் கையோ காலோ சில மணி நேரம் செயலற்றுப் போகலாம், அப்போது பார்க்கிற யாருக்கும் அது ஸ்ட்ரோக் என்றுதான் தோன்றும். அதனால் பெரியவர்களுக்குத் திடீரென்று ஒரு பக்கம் வராமல் போனால் இதெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்காமல் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், பிரித்துப் பார்ப்பது அங்கே நடக்கட்டும்.

அந்தப் பெரியவருக்கு எடுத்த முதல் இஇஜி நார்மல். குடும்பத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இது தெரியாமல் மருந்தை நிறுத்திவிடுகிற குடும்பங்கள் நிறைய.

இஇஜி என்றால் கரண்ட் வைப்பது என்று பயந்துகொண்டே வருகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். “உள்ள எதுவும் போகாதுங்கப்பா, உங்க தலையிலிருந்து வர்றதை மட்டும்தான் மெஷின் எழுதிக்கும்” என்று சொன்ன பிறகுதான் கழுத்து தளரும். மூக்குக்கு மேலே இருக்கும் பள்ளத்திலிருந்து பின்னந்தலை மேடு வரைக்கும், அப்புறம் ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரைக்கும் டேப்பால் அளந்து, 10 சதவீதம் 20 சதவீதம் என்று பிரித்து, பென்சிலால் தலையில் புள்ளி வைக்க வேண்டும். 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்துக் கொடுத்த முறை, இன்றைக்கும் உலகம் முழுக்க அதேதான். புள்ளி வைத்த இடத்தில் தோலைத் துடைத்து, பேஸ்ட் வைத்து, எலக்ட்ரோடு என்கிற வயர் கோர்த்த சின்ன உலோகத் தட்டை ஒட்ட வேண்டும். பெரியவர்களுக்கு முடி கம்மி என்பதால் ஒட்டுவது சுலபம், ஆனால் தோல் மெல்லிசு, அழுத்தித் தேய்த்தால் சிவந்துவிடும். எல்லாம் ஒட்டி முடித்து “கண்ணை மூடிக்கங்க” என்று சொன்னவுடன் திரையில் பின்னந்தலைக்கான வரிகளில் ஒரே சீராக அலை எழும்பும், நொடிக்கு 8-லிருந்து 13 வரை. திறக்கச் சொன்னால் அடங்கிவிடும். எவ்வளவோ பேருக்குப் பார்த்திருக்கிறேன், இன்னும் எனக்கு அது அதிசயம்தான். 1924-இல் ஜெர்மனியில் யேனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் என்கிற மனநல மருத்துவர் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக இந்த அலையைப் பதிவு செய்தார், நம்பத்தகுந்ததுதானா என்று தனக்கே உறுதியாகும் வரை வைத்திருந்து 1929-இல்தான் வெளியிட்டார்.

சாதாரண இஇஜி ஓடுவது இருபது முப்பது நிமிடம். வலிப்பு வருவது மாதத்துக்கு ஒரு முறை. அரை மணி நேரம் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு இந்தத் தெருவுக்குத் திருடனே வருவதில்லை என்று சொல்ல முடியுமா? வலிப்பு வராத நேரத்திலும் சிலருக்கு அதற்கான கூர் அலைகள் அங்கங்கே தெரியும், அதைத்தான் நாங்கள் தேடுகிறோம். வயதானவர்களுக்கு அது தெரிவது இளையவர்களைவிடக் குறைவு. அதனால் நார்மல் என்று வருவதற்கு ‘இந்த அரை மணியில் ஒன்றும் அகப்படவில்லை’ என்பதுதான் பொருள், வலிப்பு இல்லை என்பதல்ல. தூக்கத்தில் அகப்படும் வாய்ப்பு கூடும். ராத்திரி குறைவாகத் தூங்கச் சொல்லி, காலையில் இங்கே தூங்க வைத்து எடுப்பது அதற்காகத்தான். அந்த அலைகளை வெளியே கொண்டுவர மூச்சை வேகமாக இழுத்து விடச் சொல்கிற பயிற்சியை இதய நோய் இருப்பவர்களுக்கும் சமீபத்தில் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கும் செய்வதில்லை, ஆக பெரியவர்களிடம் எங்களுக்கு இருக்கிற பெரிய துணை தூக்கம்தான். அல்சூர் பெரியவருக்கு இரண்டாவது முறை தூக்கத்தோடு எடுத்தோம். கண் சொக்கிய கொஞ்ச நேரத்தில் இடது நெற்றிப்பொட்டுப் பக்கத்து வரிகளில் கூர் அலைகள் வரத் தொடங்கின. எம்ஆர்ஐயில் அதே பக்கம் பழைய சின்ன ஸ்ட்ரோக்கின் தழும்பு, எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. டைரி, மருமகள் சொன்னது, அலை, தழும்பு, நான்கும் ஒரே இடத்தைக் காட்டின. இதில் டைரியும் மருமகளும் இல்லையென்றால் முதல் நார்மல் ரிப்போர்ட்டோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாத வலிப்பை இருக்கிறது என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. வயதாக ஆக நெற்றிப்பொட்டுப் பக்கம் கொஞ்சம் மெதுவான அலைகள் வருவது உண்டு, தூக்கக் கலக்கத்தில் கூராகத் தெரிகிற சில சாதாரண அலைகளும் உண்டு, ஐம்பது தாண்டிய சிலருக்குத் திரையில் அசல் வலிப்பு மாதிரியே ஓடி, ஆனால் ஆள் பாட்டுக்கு நம்மோடு பேசிக்கொண்டிருக்கிற ஒரு வகையும் உண்டு. இதையெல்லாம் பழகிய கண்தான் பிரிக்கும். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர்தான், நான் இல்லை, ஆனால் பதிவு நடக்கும்போது நோயாளி என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஓரத்தில் குறித்து வைப்பது என் வேலை, அந்தக் குறிப்பு இல்லாத இஇஜி பாதி இஇஜிதான்.

இன்னொன்று இதயம். இஇஜி வரிகளுக்குக் கீழே ஒரு வரி ஈசிஜி எப்போதும் ஓடும். ஒரு அம்மாவுக்கு, மறுபடி மறுபடி மயங்கி விழுந்து கைகால் வெட்டுகிறது, வலிப்பா என்று பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பதிவின் நடுவில் அந்தக் கீழ் வரி சமதளமாகப் போனது. துடிப்பு இல்லை. சில நொடிகள் கழித்து மேலே மூளை வரிகள் மெதுவாகின, பிறகு அடங்கின, கையில் இரண்டு வெட்டு. நான் கத்தியதில் வெளியே இருந்த நர்ஸ் ஓடி வந்தார், அதற்குள் துடிப்பு தானாகத் திரும்பிவிட்டது. அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது பேஸ்மேக்கர், வலிப்பு மாத்திரை இல்லை. மூளைக்கு ரத்தம் போகாவிட்டாலும் கைகால் சில நொடிகள் வெட்டும் என்பது பலருக்குத் தெரியாது. அப்படி விழுபவர் பெரும்பாலும் விழுவதற்கு முன் வெளுத்துப் போவார், வியர்க்கும், கண் இருட்டுகிறது என்பார், விழுந்த பிறகு சீக்கிரமே தெளிந்துவிடுவார். வலிப்பில் தெளிய நேரமாகும். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டிருந்தால் அது வலிப்பின் பக்கம் சாய்கிற தடயம். சிறுநீர் போய்விட்டது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, இரண்டிலும் போகும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷரைப் பார்த்தால், மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே ஒரு விடை கிடைத்துவிடும். பிரஷருக்கும் புரோஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு இது சகஜம். ஐந்து நிமிட வேலை, ஆனால் நிறைய இடங்களில் விட்டுப்போகிறது.

வார்டிலிருந்தும் எங்களைக் கூப்பிடுவார்கள், மெஷினைத் தள்ளிக்கொண்டு போவோம். ஒரு பாட்டி, பிரஷருக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த, சிறுநீரைப் பெருக்குகிற மாத்திரையில் ரத்தத்தில் சோடியம் இறங்கி, குழப்பத்தோடு சேர்க்கப்பட்டிருந்தார். சோடியத்தை மெதுவாக ஏற்றிச் சரி செய்துவிட்டார்கள், ஆனால் பாட்டி தெளியவில்லை. போர்வை நுனியைப் பிடுங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், இடைக்கிடை வலது கண்ணிமை மட்டும் துடித்தது. தூக்கம் கெட்டதால் இப்படி, ஐசியூ குழப்பம் என்று மகனிடம் சொல்லியிருந்தார்கள். எலக்ட்ரோடை ஒட்டிப் பதிவைத் தொடங்கினதும் திரை முழுக்க ஒரே தாளத்தில் கூர் அலைகள், நிற்கவே இல்லை. கைகால் அசையாமல் உள்ளே மட்டும் ஓடிக்கொண்டே இருந்த வலிப்பு அது. டாக்டர் வந்து பதிவு ஓட ஓடவே வலிப்பை நிறுத்துகிற லோராசிபாம் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். சில நிமிடங்களில் அலைகள் இடைவெளி விட்டு, உடைந்து, அடங்கின. சாயந்தரம் மறுபடி பார்க்கப் போனபோது பாட்டி மகனிடம், “என் கண்ணாடியை எங்கடா வச்ச?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழம்பியிருக்கிற எல்லாப் பெரியவர்களுக்கும் இது என்று சொல்ல வரவில்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சர்க்கரை, சோடியம், மாத்திரைகள், இவைதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். ஆனால் காரணத்தைச் சரி செய்த பிறகும் தெளியவில்லை என்றால் இஇஜி எடுத்துப் பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள், ஏனென்றால் அசைவே இல்லாத வலிப்பைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

சோடியமோ சர்க்கரையோ இறங்கி வந்த வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு. முன்னதில் காரணத்தைச் சரி செய்தால் பெரும்பாலும் முடிந்தது. வலிப்பு நோய் என்றால், தூண்டுதல் எதுவும் இல்லாமல் ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்திருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 2014-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்பு அமைப்பு அதைத் திருத்தி, ஒரு முறையே வந்திருந்தாலும், அடுத்த 10 வருஷத்தில் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் அதுவும் வலிப்பு நோய்தான் என்று சொன்னது. பெரியவர்களுக்கு இது முக்கியம். ஸ்ட்ரோக் வந்து பல மாதம் கழித்து ஒரே ஒரு முறை வந்தாலும், அந்தத் தழும்பு அங்கேயே இருக்கப்போகிறது என்பதால், டாக்டர்கள் இரண்டாவது முறைக்குக் காத்திருப்பதில்லை. இந்த வயதில் வலிப்புக்குக் காரணம் என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் முதலிடம் ஸ்ட்ரோக்குக்குத்தான். அல்ஸைமர் போன்ற மறதி நோய்கள், கட்டிகள், எப்போதோ தலையில் பட்ட அடி, நம் ஊர்களில் நாடாப்புழுவின் இளம்புழு மூளைக்குப் போய் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் புள்ளி, இவை அடுத்தவை. எவ்வளவு தேடியும் காரணம் தெரியாதவர்களும் கணிசமானவர்கள்.

மறதி என்று கூட்டிவருகிறவர்களில் ஒரு வகையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. காலையில் தூங்கி எழுந்ததும் ஒரு அரை மணி, ஒரு மணி நேரம், “இன்னைக்கு என்ன கிழமை, எதுக்கு இந்தப் பை இங்க இருக்கு” என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள், பதில் நிற்காது. அப்புறம் நார்மல். சில வாரம் கழித்து மறுபடி அதே மாதிரி. நடுவில் இருக்கும் நாட்களில் சீட்டாட்டத்தில் நம்மைத் தோற்கடிப்பார்கள். அல்ஸைமர் இப்படி வந்து வந்து போகாது. இதுவும் ஒரு வகை வலிப்பு, மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. இன்னொன்று, ஒரு பக்கக் கையும் அதே பக்க முகமும் ஒரு சில நொடி சுளித்து இழுத்துவிட்டுப் போகும், ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவைகூட. கையிலிருக்கும் டம்ளர் விழும். கூடவே குழப்பமும் சோடியம் குறைவும் இருக்கலாம். 2011-இல்தான் மருத்துவ உலகம் இதற்கென்று தனியாக ஒரு பெயர் வைத்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குவதால் வருவது. தலையில் வைத்து எடுக்கிற இஇஜி இதில் பெரும்பாலும் எதையும் காட்டாது, வலிப்பு மாத்திரைக்கும் சரியாகக் கேட்காது, ஆனால் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளுக்குக் கேட்கும். சீக்கிரம் பிடித்தால் ஞாபக சக்தி பெரிய அளவில் பாதிக்கப்படாமல் தடுக்க முடியும். இதைக் கண்டுபிடிப்பது மெஷின் இல்லை, யாராவது ஃபோனில் எடுத்த வீடியோதான்.

அதனால் வீடியோ எடுங்கள். முதலில் பாதுகாப்பு: அடுப்பு, மாடிப்படி, கூரான பொருள்களிலிருந்து விலக்கி, விழுந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கையில் இரும்பைக் கொடுக்காமல் இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் கைகால் இழுத்துக்கொண்டே இருந்தால் ஆம்புலன்ஸ். அதற்கு நடுவில் இன்னொருவர் ஃபோனை எடுக்கட்டும். முகத்தை மட்டும் எடுக்காமல் தலையிலிருந்து பாதம் வரைக்கும் தெரிகிற மாதிரி எடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், அது பதிவாகட்டும். தெளிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், முதலில் என்ன பேசுகிறார் என்பதும் டாக்டருக்கு வேண்டும். பெரியவரைப் படம் எடுப்பது மரியாதைக் குறைவு என்று கை தயங்குகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசுதான் அது, புரிகிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள்.

பெங்களூரில் ஒரு தனிப் பிரச்னை. பிள்ளைகள் காலையில் ஒயிட்ஃபீல்டுக்கோ எலக்ட்ரானிக் சிட்டிக்கோ போனால் டிராஃபிக்கில் நீந்தி வீடு திரும்ப ராத்திரி ஆகிறது, இல்லையென்றால் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பெரியவரோடு பகல் முழுக்க இருப்பது வேலைக்கு வருகிற அக்காவும் கீழே இருக்கும் வாட்ச்மேனும். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது லீவு போட்ட மகன், அவர் எதையுமே பார்த்திருக்க மாட்டார். டாக்டர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் “தெரியல டாக்டர், சொன்னாங்க” என்றுதான் பதில். நான் பேஸ்ட் வைத்துக்கொண்டே, யார் பார்த்தது, அவருக்கு இப்போது ஃபோன் போட முடியுமா என்று கேட்பேன். ஒரு தடவை அப்படி ஸ்பீக்கரில் வந்த அக்கா கன்னடமும் தமிழும் கலந்து, “தாத்தா கழுத்து முதல்ல இந்தப் பக்கம் திரும்பும், அப்புறம்தான் கை” என்று சொன்ன ஒரே வரி, எந்தப் பக்க மூளை என்பதையே சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணை அதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது தாத்தாவுக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் போடாமல் இருக்க முடியுமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வராது, இந்த நாட்டுச் சட்டத்திலேயே அது இருந்ததுதான், 1999-இல்தான் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு என்கிற காரணத்தை எடுத்தார்கள். ஆனால் எழுபது வயதில் ஸ்ட்ரோக்கின் தழும்பினால் வந்த வலிப்புக்கும் பேத்தியின் ரத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தி வீட்டில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம், டாக்டரிடம் மட்டும் மறைக்காதீர்கள். டிரைவிங் லைசென்ஸ் விஷயமும் அப்படித்தான், படிவம் 1-இலேயே வலிப்போ திடீர் நினைவிழப்போ உண்டா என்று கேட்கிறார்கள். ஸ்கூட்டரை விட மனசு வராது, தெரியும், ஆனால் ஓசூர் ரோட்டில் ஒரு நிமிட நினைவிழப்பு போதும்.

கண்டுபிடித்துவிட்டால் பெரியவர்களின் வலிப்பு மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படுகிறது, பலருக்குக் குறைந்த அளவிலேயே. லெவெடிராசிடாம், லாமோட்ரிஜின் போன்றவற்றை மெதுவாக ஏற்றுகிறார்கள். முன்னதில் சிலருக்கு எரிச்சல், கோபம் வரும், வந்தால் சொல்ல வேண்டும், கிட்னியைப் பார்த்து அளவு வைக்க வேண்டும். பழைய ஃபெனிடாயினில் தள்ளாட்டமும் எலும்புத் தேய்வும் உண்டு, வேறு மருந்துகளோடும் மோதும். அல்சூர் பெரியவர் இப்போது வேறு டைரியில் எழுதுகிறார், மருமகள் வாரத்துக்கு ஒரு முறை அவர் அனுமதியோடு புரட்டிப் பார்க்கிறார் என்று சொன்னார்.

இஇஜிக்கு வருகிறவர்களுக்கு: முந்தின நாள் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். பட்டினி கிடக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வரலாம். டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். இப்போது சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும், மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களே வாங்கியது உட்பட, அட்டையோடு கொண்டு வாருங்கள், டிராமடால் மாதிரி சில வலி மாத்திரைகளும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் வலிப்பைக் கிளப்பிவிடக் கூடியவை, பெயர் ஞாபகம் இல்லையென்றாலும் அட்டையைப் பார்த்தால் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.